பேட்டரியை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பயன்படுத்திய மோட்டார் சைக்கிளை வாங்கும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோம், புகையின் நிறத்தைக் கவனிக்கிறோம், டயரையும் செயினையும் தொட்டுப் பார்க்கிறோம். சீட்டைக் கழற்றி அதற்கு அடியில் ஓடும் ஒயர்களைப் பார்ப்பவர்கள் குறைவு. விற்பவரும் "பேட்டரி மட்டும் கொஞ்சம் வீக், புதிதாக ஒன்று போட்டுவிட்டால் போதும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிடுவார். அந்த வாக்கியத்தைக் கேட்டால் எனக்கு இப்போது சந்தேகம்தான் வருகிறது. சார்ஜிங் ஒழுங்காக இருக்கும் வண்டியில் பேட்டரி சில ஆண்டுகள் உழைத்து மெதுவாகத்தான் ஓய்கிறது. விற்கும் நாளிலேயே பேட்டரி வீக் என்று சொல்லப்படும் வண்டியில், ஓடும்போது அதைச் சரியாக நிரப்பாத ஏதோ ஒன்று இருக்கலாம், அல்லது நிற்கும்போது அதைச் சத்தமின்றிக் காலி செய்யும் ஏதோ ஒன்று இருக்கலாம்.

நான் வாங்கிய வண்டியில் இரண்டும் இருந்தன. பேட்டரியில் பொறித்திருந்த தேதி பழையதல்ல. சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் புதிதாக மாற்றப்பட்டிருந்தது. இருந்தும் சில நாள் ஓட்டாமல் விட்டால் செல்ஃப் சுற்றாது, இரவில் சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும். முந்தைய உரிமையாளர் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்திருக்கிறார், எதையும் அளந்து பார்க்கவில்லை என்பது அந்தப் புதிய பாகங்களைப் பார்த்தவுடனேயே விளங்கியது. சார்ஜிங் கோளாறுகளில் பாகங்கள் பழுதாவதைவிடப் பாகங்களுக்கு இடையே உள்ள இணைப்புகள் பழுதாவதே அதிகம் என்பது என் கணிப்பு. பல கைகள் பட்ட பழைய வண்டியில் அது இன்னும் உண்மை.

அளப்பதற்கு முன் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிராங்க் தண்டின் முனையில் நிலைக்காந்தங்கள் பதித்த ரோட்டர் சுழல்கிறது. அதன் உள்ளே அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர் என்ற செப்புக் கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. அது மூன்று ஒயர்கள் வழியாக, பல வண்டிகளில் மூன்றும் மஞ்சள் நிறத்தில், ரெகுலேட்டர் ரெக்டிஃபையருக்குச் செல்கிறது. மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்று சொல்லும் இந்தப் பெட்டி இரண்டு வேலைகளைச் செய்கிறது: மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்குகிறது, பேட்டரிக்குப் போகும் மின்னழுத்தம் ஏறக்குறைய 14.5 வோல்ட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறது. சிறிய வண்டிகள் சிலவற்றில் ஸ்டேட்டரிலிருந்து ஒரு சுருள் ஹெட்லைட்டுக்கு நேராக மாறுதிசை மின்சாரத்தைக் கொடுக்கும். அப்படிப்பட்ட வண்டியில் ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்காமல் எஞ்சின் ஓடும்போது, ஹெட்லைட் மங்குவது கோளாறே அல்ல, அதன் இயல்பு.

நிலைக்காந்தத்தை அணைக்க முடியாது. எஞ்சின் ஓடும்வரை ஸ்டேட்டர் மின்சாரத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கும். ஷன்ட் வகை ரெகுலேட்டர், மின்னழுத்தம் வரம்பைத் தொட்டவுடன் ஸ்டேட்டரின் ஒயர்களைத் தமக்குள் ஷார்ட் செய்து மிகுதியைச் சமாளிக்கிறது. எனவே ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஓட்டினாலும் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடைப்பதில்லை. அதன் சுருள்களிலும் அந்த மூன்று மஞ்சள் ஒயர்களிலும் எப்போதும் முழு மின்னோட்டம் பாய்கிறது. சீரீஸ் வகை ரெகுலேட்டர் ஷார்ட் செய்யாமல் இணைப்பைத் துண்டித்து விடுவதால் எல்லாம் குளிர்ச்சியாக இருக்கின்றன. 1960களின் பிரிட்டிஷ் வண்டிகளில் வரம்பை மீறும் மின்னழுத்தத்தில் மட்டும் மின்சாரத்தை வடியவிடும் ஸீனர் டயோடு என்ற பாகத்தை அலுமினியத் தகட்டில் பொருத்தி, மிகுந்த மின்சாரத்தைக் காற்றில் வெப்பமாக விட்டார்கள். ஷன்ட் ரெகுலேட்டருக்கு ஏன் துடுப்பு போன்ற மடிப்புகள் வைத்திருக்கிறார்கள், அதை ஏன் காற்றுப்படும் இடத்தில்தான் பொருத்த வேண்டும் என்பது அதைப் பார்த்தால் புரியும். பக்கவாட்டு அழகுக்காக ரெகுலேட்டரைப் பெட்டிக்குள் மறைத்து வைத்திருக்கும் வண்டிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கருவி என்று பார்த்தால் ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஆனால் அதன் உள்ளே இருக்கும் பேட்டரி இறங்கியிருந்தால் மலிவான மீட்டர்கள் பல, உண்மையைவிடக் கூடுதலான வோல்ட்டைக் காட்டும். வண்டியில் 15 வோல்ட்டுக்கு மேல் காட்டுகிறதே என்று பதறுவதற்கு முன் மீட்டரின் பேட்டரியை மாற்றிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, அளக்கும்போது மீட்டரின் முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே வைக்க வேண்டும். அதன் மேல் திருகப்பட்டிருக்கும் கேபிள் முனையின் மேல் அல்ல. இரண்டுக்கும் இடையே பூத்திருக்கும் வெள்ளைப் பொடிதான் சில வண்டிகளில் முழுக் கோளாறும்.

முதலில் பேட்டரியை வெளியே வைத்து, அதற்குரிய சார்ஜரால் முழுமையாக நிரப்ப வேண்டும். பாதி காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு செய்யும் எந்தச் சோதனையும் நம்பத்தக்கதல்ல. சார்ஜரைக் கழற்றியவுடன் அளந்தால் மேலோட்டமான ஒரு மிகை வோல்ட் காட்டும். சில மணி நேரம் சும்மா வைத்திருந்து அளக்க வேண்டும். நல்ல ஈய அமிலப் பேட்டரி அப்போது 12.6 முதல் 12.8 வோல்ட்வரை காட்டும். 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான் இருக்கிறது. 12 வோல்ட்டுக்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. முழுமையாக நிரப்பிய பின்பும் 10.5 வோல்ட் அருகிலேயே நின்றால், ஆறு செல்களில் ஒன்று உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம், ஒரு செல்லின் அளவு ஏறக்குறைய 2.1 வோல்ட் என்பதால். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி போட்ட வண்டிக்கு இந்த எண்கள் பொருந்தாது. அது ஓய்வில் 13.2 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், 12.8 காட்டினால் பெரும்பகுதி செலவாகிவிட்டது என்று பொருள்.

ஓய்வில் காட்டும் எண் மட்டும் போதாது. செல்ஃப் பட்டனை அழுத்தி எஞ்சின் சுற்றும் அந்தச் சில நொடிகளில் பேட்டரியின் கம்பங்களில் வோல்ட் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் நல்லது, 9.6க்குக் கீழே சரிந்தால் பேட்டரி ஓய்ந்துவிட்டது. 12.7 வோல்ட் காட்டிக்கொண்டு, சுமை வந்தவுடன் 7 வோல்ட்டுக்கு விழும் பேட்டரிகள் நிறைய உண்டு. நீண்ட நாள் காலியாகவே கிடந்த பேட்டரியின் தகடுகளில் படியும் சல்பேட் பெரும்பாலும் இதற்குக் காரணம், அது திரும்பிவரும் என்ற நம்பிக்கையில் நாட்களைச் செலவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மாற்றுவதற்கு முன் அது ஏன் காலியாகவே கிடந்தது என்ற கேள்விக்கு விடை கண்டுபிடித்தாக வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும்.

அடுத்து எஞ்சினை ஓட்டி, ஹெட்லைட்டை எரியவிட்டு, அதே கம்பங்களில் அளக்க வேண்டும். ஐடிலிங்கில் 13 வோல்ட் அளவில் இருப்பது பல வண்டிகளுக்கு இயல்பு. ஆக்சிலரேட்டரை முறுக்கி நிமிடத்துக்கு 3000 முதல் 5000 சுற்றுகள்வரை கொண்டுபோனால் 13.8க்கும் 14.5க்கும் இடையில் வந்து அசையாமல் நிற்க வேண்டும். சுற்று கூடக் கூட 15ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் கட்டுப்பாடு தவறிவிட்டது; பேட்டரி கொதிக்கும், பல்புகள் ஒவ்வொன்றாகப் போகும். 12.5 அளவிலேயே நின்று, சுற்றைக் கூட்டினால் இன்னும் இறங்கினால் சார்ஜே ஏறவில்லை. இந்த மூன்று விளைவுகளையும் எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான்காவதாக ஒன்று உண்டு. அதுதான் ஆட்களைக் குழப்புகிறது. ஹெட்லைட் அணைந்திருக்கும்போது 13.9 காட்டும் வண்டி, எரியவிட்டவுடன் 13.1 அல்லது 13.2 என்று இறங்கி, எவ்வளவு முறுக்கினாலும் அங்கேயே நிற்கும். சார்ஜ் ஏறாமல் இல்லை. ஆனால் போதுமான அளவு ஏறவில்லை. பகலில் ஓட்டுபவருக்குக் கோளாறு தெரியாது, இரவில் ஓட்டுபவருக்கு வாரந்தோறும் பேட்டரி இறங்கும். என் வண்டி இந்த வகை.

இங்கேதான் பலர் ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள். நான் அதற்குப் பதிலாகப் பரிந்துரைப்பது வோல்டேஜ் ட்ராப் சோதனை, அதாவது ஓர் ஒயரின் இரு முனைகளுக்கும் இடையே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று, அதில் மின்னோட்டம் பாய்ந்துகொண்டிருக்கும்போதே அளப்பது. மீட்டரை நேர்திசை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஆர்.ஆர். யூனிட்டிலிருந்து வெளிவரும் சிவப்பு ஒயரில், கப்ளர் என்ற பிளாஸ்டிக் இணைப்பியின் பின்புறமாக நுழைத்துத் தொட வேண்டும். மறு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்தில் வைக்க வேண்டும். ஹெட்லைட்டை எரியவிட்டு எஞ்சினை 4000 சுற்றுகளில் ஓட்டினால் மீட்டர் காட்டும் எண்தான் வழியில் தொலைந்த வோல்ட். 0.2க்குள் இருந்தால் ஒயரிங் ஆரோக்கியமானது. 0.5ஐத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு இருக்கிறது. பிறகு இதையே எர்த் பக்கத்திலும், பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்துக்கும் ஆர்.ஆர். யூனிட்டின் எர்த் ஒயருக்கும் இடையே செய்ய வேண்டும். எர்த் பக்கத்தை விட்டுவிடுகிறவர்கள் பாதிச் சோதனையைத்தான் செய்கிறார்கள்.

என் வண்டியில் பாசிட்டிவ் வழியில் 0.9 வோல்ட் தொலைந்தது. ரெகுலேட்டர் தன் வாசலில் 14.2 வோல்ட்டை ஒழுங்காகக் கொடுத்துக்கொண்டிருந்தது. தன் கடமை முடிந்தது என்று அது நினைக்கும் இடத்தில் 14.2, பேட்டரிக்கு வந்து சேர்ந்தது 13.3. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியிலேயே வைத்துக்கொண்டு மறு முனையை வழிநெடுக நகர்த்திக்கொண்டே வந்தால், எந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே எண் சட்டென்று மாறுகிறதோ அங்கே கோளாறு. முதன்மை ஃப்யூஸ் செருகியிருந்த பிடிப்பான் வெளியில் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. அதன் உள்ளே ஒரு பக்கத்துப் பித்தளைத் தகடு வெப்பத்தில் நீலம் பாரித்து, இழுவிசை இழந்து, ஃப்யூஸின் காலைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. பாதிக்கு மேற்பட்ட இழப்பு அங்கே. மீதி, சிவப்பு ஒயரின் கப்ளரில்.

இதே இடத்தை ஓம் மீட்டரால் அளந்திருந்தால் பூஜ்யத்துக்கு அருகில்தான் காட்டியிருக்கும். மல்டிமீட்டர் மின்தடையை அளக்க அனுப்பும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. இருபது இழைகளில் ஒன்று மட்டும் அறுபடாமல் மிஞ்சியிருக்கும் ஒயர்கூட அதற்கு நல்ல ஒயராகவே தெரியும். 10 ஆம்பியர் பாயும்போதுதான் அதன் உண்மை வெளிப்படும். அதனால் "கன்டினியூட்டி வைத்துப் பார்த்தேன், பீப் அடித்தது, ஒயர் நன்றாக இருக்கிறது" என்ற பேச்சை நான் பொருட்படுத்துவதில்லை. பீப் சத்தம் ஒயர் முழுவதும் அறுந்துவிடவில்லை என்பதை மட்டுமே சொல்கிறது.

ஒரு கப்ளர் ஏன் உருகுகிறது என்பதற்கும் இதே கணக்குதான். இணைப்பில் 0.1 ஓம் மின்தடை இருக்கிறது என்று கொள்வோம். 10 ஆம்பியர் பாய்ந்தால் 1 வோல்ட் தொலைகிறது, 10 வாட் வெப்பம் உண்டாகிறது. மின்னோட்டம் 20 ஆம்பியர் ஆனால் வெப்பம் இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகி 40 வாட் ஆகிறது. ஈயம் பற்றவைக்கும் சோல்டரிங் அயர்ன் ஒன்றின் அளவுக்கு வெப்பம், விரல் நுனி அகலமே உள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள். வெப்பத்தால் உலோகம் கருத்து மின்தடை கூடுகிறது, கூடிய தடையால் வெப்பம் மேலும் கூடுகிறது. ஸ்டேட்டரின் மூன்று மஞ்சள் ஒயர்கள் சேரும் கப்ளர்தான் எல்லா வண்டிகளிலும் முதலில் கழற்றிப் பார்க்க வேண்டிய இடம். பழுப்பேறியிருந்தாலோ, பிளாஸ்டிக் சற்றே குழைந்து சுருங்கியிருந்தாலோ, அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து திரும்பச் செருகுவதில் பயனில்லை. வெப்பம் பட்ட பித்தளை பழைய இறுக்கத்துக்குத் திரும்பாது. ஒயர்களைப் பளபளப்பான செம்பு தெரியும் இடம்வரை வெட்டிவிட்டு, புதிய டெர்மினல்களுடன் புதிய கப்ளர் போட வேண்டும். அல்லது கப்ளரே இல்லாமல் மூன்று ஒயர்களையும் நேராகக் கிரிம்ப் செய்து, அதாவது சிறு உலோகக் குழாய்க்குள் வைத்து இறுக அழுத்தி, இணைத்துவிடலாம். மூன்றும் மாறுதிசை ஒயர்கள் என்பதால் எதை எதனோடு இணைத்தாலும் வேறுபாடு இல்லை.

ஸ்டேட்டர் சோதனை விரைவில் முடிந்துவிடும். அந்தக் கப்ளரைக் கழற்றி, எஞ்சின் நின்றிருக்கும்போது, ஒவ்வொரு மஞ்சள் ஒயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மின்தடை பார்க்க வேண்டும். எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. இருந்தால் சுருளின் வார்னிஷ் கருகி இரும்பைத் தொட்டுவிட்டது, வேறு சோதனை தேவையில்லை. பின்னர் எஞ்சினை ஓட்டி, மீட்டரை மாறுதிசை வோல்ட்டுக்கு மாற்றி, ஒயர்களை இரண்டிரண்டாக மூன்று விதமாக அளக்க வேண்டும். பல வண்டிகளில் 5000 சுற்றுகளில் 50 வோல்ட்டுக்கு மேல் வரும். துல்லியமான எண் அந்தந்த வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எண்ணைவிட முக்கியமானது மூன்று அளவுகளும் சமமாக இருப்பது. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் ஒரு சுருள் போய்விட்டது. கழற்றிய முனைகளில் வரும் இந்த வோல்ட் ஷாக் அடிக்கப் போதுமானது என்பதால் வெறுங்கையால் தொடக் கூடாது. சுருள்களுக்கு இடையே ஓம் கணக்கை மட்டும் நம்பி ஸ்டேட்டருக்கு நற்சான்று கொடுப்பது சரியல்ல. அந்த அளவு 1 ஓமுக்கும் குறைவு, மீட்டரின் ஒயர்களுக்கே பாதி ஓம் இருக்கும்.

ஆர்.ஆர். யூனிட்டின் உள்ளே மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடுகள் உள்ளன. அவற்றை மல்டிமீட்டரின் டயோடு முறையில் ஓரளவு சோதிக்கலாம். ஒவ்வொரு மஞ்சள் முனைக்கும் பாசிட்டிவ் முனைக்கும் இடையே ஒரு திசையில் மட்டும் அரை வோல்ட் அளவில் காட்டி, மறு திசையில் எதுவும் காட்டாமல் இருக்க வேண்டும். எர்த் முனைக்கும் அப்படியே. இரு திசைகளிலும் ஒரே மாதிரி காட்டினால் உள்ளே ஒரு டயோடு ஷார்ட் ஆகிவிட்டது. இந்தச் சோதனையில் தேறாத யூனிட் நிச்சயமாகக் கெட்டது; தேறிய யூனிட் நல்லது என்று உறுதி சொல்ல முடியாது, ஏனென்றால் கட்டுப்படுத்தும் பகுதியை இதனால் சோதிக்க இயலாது. பேட்டரி நன்றாக இருந்து, ஸ்டேட்டரின் மூன்று அளவுகளும் சமமாக இருந்து, இரு பக்கமும் வோல்டேஜ் ட்ராப் குறைவாக இருந்தும் சார்ஜ் வரவில்லை என்றால், அப்போதுதான் குற்றம் ரெகுலேட்டருடையது. அதைக் கடைசியில் வைத்திருப்பது வேண்டுமென்றே.

ஓவர் சார்ஜ் ஆகும் பழைய வண்டிகளில் ஒரு சூட்சுமம் உண்டு. சில பழைய ரெகுலேட்டர்களில் தடித்த சிவப்பு ஒயரைத் தவிர, மின்னழுத்தத்தை உணர்வதற்கென்றே மெல்லிய ஒயர் ஒன்று இக்னிஷன் சுவிட்சுக்குப் பிறகு உள்ள இடத்திலிருந்து வரும். சுவிட்சின் உள்ளே உள்ள தகடுகள் தேய்ந்து கருத்திருந்தால் அங்கே ஒரு வோல்ட் தொலையும். ரெகுலேட்டர் அந்தக் குறைந்த அளவைப் பார்த்துவிட்டுப் பேட்டரி காலியாக இருக்கிறது என்று எண்ணி மேலும் மேலும் ஏற்றும். பேட்டரியில் 15.3, உணரும் ஒயரில் 14.3. இங்கே ரெகுலேட்டரை எத்தனை தடவை மாற்றினாலும் ஓவர் சார்ஜ் தொடரும். சாவியைப் போட்டு, எஞ்சினை ஓட்டாமல், பேட்டரியின் பாசிட்டிவுக்கும் அந்த மெல்லிய ஒயருக்கும் இடையே அளந்தால் ஒரு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

இனி ஓட்டாமல் நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்குவது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் கம்பத்துக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவையில் இணைக்க வேண்டும். முதலில் 10 ஆம்பியர் துளையில் தொடங்கி, அளவு சிறியது என்று உறுதியான பிறகே மில்லி ஆம்பியருக்கு இறங்க வேண்டும். மீட்டர் அப்படி இணைந்திருக்கும்போது செல்ஃப் பட்டனைத் தொட்டால் மீட்டரின் ஃப்யூஸ் அந்தக் கணமே போய்விடும். கடிகாரம்கூட இல்லாத பழைய வண்டியில் ஏறக்குறையப் பூஜ்யம் காட்ட வேண்டும். எலக்ட்ரானிக் மீட்டரும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனும் உள்ள வண்டிகளில் சில மில்லி ஆம்பியர் இயல்பு. 50 மில்லி ஆம்பியர் கசிந்தால், 12 ஆம்பியர் மணி பேட்டரி 240 மணி நேரத்தில், அதாவது 10 நாட்களில், முற்றிலும் காலி. செல்ஃப் சுற்றாத நிலைக்கு அதில் பாதி நாட்களே போதும். கசிவு தெரிந்தால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். எதை உருவும்போது எண் விழுகிறதோ அந்தச் சுற்றில் ஆள் இருக்கிறார். எல்லா ஃப்யூஸ்களையும் உருவியும் விழவில்லை என்றால் ஆர்.ஆர். யூனிட்டின் கப்ளரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், கசியும் டயோடு வழியாகப் பேட்டரி பின்னோக்கி வடிவது உண்டு.

என் வண்டியில் ஆள் வேறு. எப்போதோ ஒருவர் அலாரம் பொருத்தி, பின்னொருவர் அதன் பெட்டியை மட்டும் கழற்றிவிட்டு, அதற்குச் சென்ற ஒயர்களைத் துண்டித்து டேப் சுற்றி டேங்குக்கு அடியில் செருகியிருந்தார். அந்த ஒயர் ஒன்று பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் இல்லாமலேயே நேராக வந்தது. அதிலிருந்தே கிளை பிரித்து மொபைல் சார்ஜர் ஒன்றும் போட்டிருந்தார்கள். சாவியை எடுத்தாலும் அது தூங்குவதில்லை. கசிவு சிறியதுதான், ஆனால் ஃப்யூஸ் இல்லாத பாசிட்டிவ் ஒயர் பெட்ரோல் டேங்குக்கு அடியில் டேப்பின் பசையை மட்டும் நம்பிக் கிடந்தது சிறிய விஷயமல்ல. பழைய வண்டியை வாங்கியவர் முதலில் செய்ய வேண்டியது, வண்டியோடு பிறக்காத ஒயர்கள் அனைத்தையும் கண்டுபிடித்து வேரோடு எடுத்துவிடுவது என்பேன். கம்பெனி ஒயரிங்கில் ஒயர்களின் நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஹோண்டாவில் எர்த் பச்சை, யமஹாவில் கருப்பு, சுஸுகியில் கருப்பில் வெள்ளைக் கோடு. அந்த ஒழுங்குக்குள் அடங்காத ஒயர் கண்ணில் பட்டால் அது விருந்தாளி.

சாவியைப் போட்டவுடன் ஃப்யூஸ் போகும் வண்டியில் ஃப்யூஸை மாற்றி மாற்றி வீணாக்காமல், அந்த இடத்தில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை ஒயர் வைத்து இணைத்துவிடலாம். ஷார்ட் இருக்கும்வரை பல்பு பிரகாசமாக எரியும். பாயும் மின்னோட்டம் 2 ஆம்பியருக்குள் அடங்கிவிடுவதால் ஒயர்களுக்கு ஆபத்து இல்லை. பிறகு ஹேண்டில்பாரை இரு பக்கமும் திருப்பி, டேங்கைச் சற்றுத் தூக்கி, ஒயரிங் கட்டை அங்கங்கே அசைத்துக்கொண்டே போனால், பல்பு மங்கும் இடத்தில் ஒயர் உராய்ந்திருக்கிறது. ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பகுதி, டேங்கின் முன் தாங்கி, பின் மட்கார்டுக்குள் டெயில் லைட்டுக்குப் போகும் வழி, செயின் பல்சக்கரத்தின் மூடிக்கு அருகே ஸ்டேட்டர் ஒயர் வெளிவரும் இடம் ஆகியவையே பெரும்பாலும் உராயும் இடங்கள். ஃப்யூஸுக்குப் பதில் வெள்ளித் தாளைச் சுருட்டி வைத்திருக்கும் வண்டியைப் பார்த்தால், பேரம் பேசுவதை நிறுத்திவிட்டு நடையைக் கட்டுவது நல்லது.

விளக்குகள் தம் வேலையை விட்டு வேறு வேலை பார்க்கத் தொடங்கினால் எர்த்தைச் சந்தேகிக்க வேண்டும். பிரேக்கை அழுத்தினால் இண்டிகேட்டர் மங்கலாக எரிவதும், ஹாரன் அடித்தால் மீட்டர் விளக்கு துடிப்பதும், எர்த் வழி அறுந்து மின்சாரம் வேறு பல்புகளின் வழியாக வீடு திரும்ப முயல்வதன் அடையாளங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த ஃபிரேமில் இது மிகவும் சகஜம். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் படிந்திருக்கும். அங்கே உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவிவிட்டால் போதும்.

பழுது பார்க்கும் முறையைப் பற்றி ஒரு கருத்து வேறுபாடு எப்போதும் உண்டு. ஈயம் பற்றவைப்பதே உறுதி என்று பலர் நம்புகிறார்கள். அதிர்வு இல்லாத இடத்தில் அது சரி. வண்டியில், ஈயம் ஒயரின் இழைகளுக்குள் ஊறி ஏறி நின்ற இடத்தில் ஒயர் விறைத்துவிடுகிறது; விறைப்பும் நெகிழ்வும் சந்திக்கும் அந்த எல்லையிலேயே அதிர்வால் அறுகிறது. சரியான கருவியால் செய்த கிரிம்ப் இணைப்பும், அதன் மேல் உள்ளே பசை உள்ள, சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயும் என் தேர்வு; கட்டிங் பிளேயரால் நசுக்குவது கிரிம்ப் ஆகாது. வெட்டிய ஒயரின் உள்ளே செம்பு கருத்தோ பச்சைக் களிம்பேறியோ இருந்தால், பளபளப்பு தெரியும்வரை பின்னோக்கி வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒயரிங் கட்டின் மேல் சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றினால் எஞ்சின் வெப்பத்தில் பசை கசிந்து பிசுபிசுக்கும். துணி டேப் நல்லது.

கூடுதல் விளக்கு போடும் ஆசை உள்ளவர்கள் ஸ்டேட்டரின் வாட் கணக்கை முதலில் பார்க்க வேண்டும். 200 வாட் என்று கையேடு சொன்னால் அது 5000 சுற்றுகளில் கிடைப்பது, ஐடிலிங்கில் அதில் சிறு பகுதிதான். அதற்குள் 55 வாட் ஹெட்லைட், இக்னிஷன், ஃப்யூயல் பம்ப், டெயில் லைட் எல்லாம் பங்கு கேட்கின்றன. நெரிசலில் ஊர்ந்துகொண்டே இருக்கும் வண்டியில், எந்தக் கோளாறும் இல்லாமலேயே, வரவைவிடச் செலவு மிஞ்சிப் பேட்டரி இறங்கும். அதை எந்த ரெகுலேட்டரும் சரி செய்யாது. கூடுதல் விளக்கு வேண்டும் என்றால் பேட்டரியிலிருந்து தனி ஃப்யூஸ், தனி ரிலே, சாவியோடு அணையும் இணைப்பு.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியின் கேபிளைக் கழற்றி "வண்டி நிற்கவில்லை, சார்ஜிங் நன்றாக இருக்கிறது" என்று முடிவு செய்யும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. பேட்டரி இல்லாதபோது மின்னழுத்தம் கண்டபடி எகிறி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் ஈ.சி.யூ. என்ற கணினியையும் ரெகுலேட்டரையும் விளக்குகளையும் ஒரே நொடியில் கொண்டுபோகலாம். வாங்கப் போகும் வண்டியில் யாராவது இதைச் செய்து காட்ட முன்வந்தால் தடுத்துவிடுங்கள்.

எல்லா வேலையும் முடிந்த பிறகு, குளிர்ந்த எஞ்சினில் 14.2 காட்டியதோடு மூடிவிடக் கூடாது. பாதி கருகிய ஸ்டேட்டர் குளிர்ந்திருக்கும்போது சரியாகவே இருக்கும். எண்ணெய் சூடான பின்பே சுருள் விரிந்து இரும்பைத் தொடும். ரெகுலேட்டரும் அப்படித்தான், சூடேறிய பின்பே தடுமாறும். எனவே அரை மணி நேரமாவது ஓட்டி வந்து, எஞ்சினை நிறுத்தாமல், ஹெட்லைட் எரியும்போதே மறுபடியும் பேட்டரியின் கம்பங்களில் அளக்க வேண்டும். பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு மஞ்சள் ஒயர்களின் கப்ளரைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கை வைக்க முடியாத சூடு இருந்தால், மீட்டர் எவ்வளவு நல்ல எண்ணைக் காட்டியிருந்தாலும், அந்த இணைப்பைத் திரும்பவும் செய்ய வேண்டும்.